லக்சரில் இருப்பவளுக்கு ஓர் எட்டுச்செலவு

பிளாக்ஹவுஸ் பே, ஒக்லாந்து
26 ஒக்டோபர் 1997

நைல் நதியின் கிழக்குக் கரையைக் கட்டியாளும் மகாராணி, ஹோட்டல் படுக்கை விரிப்புகளின் பேரரசி, என் அன்பு மச்சாள் ரதிதேவிக்கு, தென்துருவத்துக்குச் சற்று மேலே பஸ் ஓட்டும் சக்கரவர்த்தி தண்டபாணி எழுதிக்கொள்வது.

நான் நலம். நாடு நலம். காற்று மட்டும் சுகமில்லை. போன வெள்ளிக்கிழமை அடித்த காற்றில் என் பஸ் ஒடாஹுஹுவில் புறப்பட்டு, நான் இயந்திரத்தை முடுக்காமலே மனுகாவ் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் சாரதிக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். அன்றைக்கு எல்லோரும் காற்றுக்கு நன்றி சொன்னார்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மீசையும் நலம். அது இப்போது நாட்டின் சொத்து. அதைப் பிடித்து ஊஞ்சலாடக் கேட்டு மனுகாவ் கடைத்தொகுதியில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒடாஹுஹுவில் ஏறும் சமோவாப் பெரியவர் ஒருவர் தினமும் முதலில் மீசைக்கு வணக்கம் சொல்வார், பிறகுதான் எனக்கு. என் அப்பா ஊரில் செத்தபோதுகூட இதற்கு ஒன்றும் ஆகவில்லை. கொள்ளி வைக்கிறவன்தானே மீசை வழிக்க வேண்டும்? அண்ணன் வைத்தார், அண்ணன் வழித்தார். நான் இங்கே இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இனி வழக்குக்கு வருவோம். பதினொரு வருடமாக லக்சரில் இருக்கிறீர். ஆற்றுக்கு அக்கரையில், மலையை முதுகில் சாய்த்துக்கொண்டு, ஹட்ஷெப்சுட் ராணியின் கோயில் மூவாயிரம் வருடத்துக்கு மேலாக உமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. உலகம் எல்லாம் விமானம் ஏறி வந்து அதைப் பார்க்கிறது. நீரோ, பார்க்க வந்தவர்களின் தலையணை உறையை மாற்றிக்கொண்டு இருக்கிறீர். மகேசனின் மனுசி உஷா போன கிழமை என்னிடம், "அண்ணை, உங்கட மச்சாளைக் கேளுங்கோ, அந்தக் கோயில் உள்ளுக்கு எப்பிடி இருக்கும்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பேரரசின் மானம் கப்பலேறியது. ஆகவே போய்ப் பார்த்து எழுதும். இது அரச கட்டளை.

மகேசன் யார் என்று கேட்பீர். மனுகாவில் கணக்காளர், கண்ணாடிக்காரர். நல்லாகத் தேவாரம் பாடுவார் என்பதால் ஐயர் கிடைக்காத நாட்களில் நாங்கள் அவரையே ஐயராக்கிவிடுவோம். அவரையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள கடற்கரைக்குப் போனேன். மேற்கே காட்டி, அதோ லக்சர் தெரிகிறது என்றேன். அது லக்சர் இல்லை, டிடிராங்கிக் காடு என்றார். கண்ணாடி போட்டவர்களுக்குத் தூரப்பார்வை போதாது.

இப்படிக்கு,
பேருந்துச் சக்கரவர்த்தி தண்டபாணி


லக்சர்
7 நவம்பர் 1997

தண்டபாணி மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சிரித்தேன். சிரித்து முடிந்ததும் மறுபடி வாசித்தேன். அதில் எனக்கென்று எழுதிய வசனம் எது என்று தேடினேன். வழக்கம்போல அகப்படவில்லை.

கோபப்படாதேங்கோ. எண்பத்தாறாம் ஆண்டு நீங்கள் பயணம் போன அன்று கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நான் வந்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அரசாங்க உத்தியோகம் இல்லாதவனுக்குப் பெண் இல்லை என்று அப்பா சொல்லி எட்டு வருடம் ஆகியிருந்தது. அந்த எட்டு வருடமும் நான் வேறு ஒருவருக்கும் தலையாட்டவில்லை. அது உங்களுக்குத் தெரியும். சோற்றுப் பொதியைத் தந்துவிட்டு ஒரு வார்த்தைக்காக நின்றேன். நீங்கள் சொன்னது, நியூசிலாந்தில் செம்மறியாடுகளுக்கும் வாக்குரிமை உண்டாம், அடுத்த பிரதமர் ஆடாம் என்பது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடுதான் அதே வருடம் நான் இங்கே வந்து சேர்ந்தேன்.

இப்போது மூன்றாம் மாடி முழுவதும் என் பொறுப்பு. அறை துப்புரவாக்கும் பெண்கள் எனக்குக் கீழே. சீசன் தொடங்கிவிட்டது, ஓர் அறையும் காலி இல்லை. சலவைப் பகுதிக்கு ஸைனப் என்று ஒருத்தி பொறுப்பு. என் வயதுதான். இவ்வளவு காலமும் கோயிலைப் பார்க்கவில்லையா என்று அவளும் என்னைப் பரிகாசம் பண்ணுகிறாள். உங்களுக்கு ஆள் பலம் கூடிவிட்டது.

ஆகவே கட்டளைப்படி நடக்கிறேன். பதினேழாம் தேதி திங்கட்கிழமை எனக்கு லீவு. என் மாடியில் தங்கியிருக்கும் ஒரு வயதான தம்பதி தங்கள் பஸ்ஸில் இடம் இருக்கிறது, கூடவே வா என்கிறார்கள். காலையிலேயே ஆற்றைக் கடந்து போய், உள்ளுக்கு எப்படி இருக்கும் என்று உஷாவுக்கு எழுதுகிறேன்.

உங்களுக்கும் எழுதுகிறேன்.

ரதி


லக்சர்
22 நவம்பர் 1997

மச்சான்,

நான் போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சலவை இயந்திரம் ஒன்று அன்று காலையில் நின்றுபோனது. விரிப்புகள் வரவில்லை, ஒரு பெரிய கூட்டம் அறை மாறவேண்டியிருந்தது. மனேஜர் என் லீவை வெட்டிவிட்டார். நான் புதுச் சேலை உடுத்து வாசல்வரை போய்விட்டேன். அந்தத் தம்பதி பஸ்ஸுக்குள் இருந்து கையைக் காட்டினார்கள். அடுத்த முறை என்று நானும் கையைக் காட்டிவிட்டு, திட்டிக்கொண்டே திரும்பி வந்து சீருடை மாற்றினேன்.

நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எழுதமாட்டேன். கோயிலுக்குள் தீவிரவாதிகள் துவக்கோடு வந்து சுட்டார்கள். கோயில் பார்க்க வந்த அறுபது பேரளவில் திரும்பி வரவில்லை. இந்த ஊர் ஆட்களில் காவல் நின்றவர்களும் போய்விட்டார்கள். என் மாடியில் சில அறைகளுக்கு ஒருவரும் திரும்பவில்லை.

அடுத்த நாள் அந்த அறைகளில் உள்ளதை எல்லாம் பெட்டியில் அடுக்கித் தரச்சொல்லித் தூதரகத்துக்காரர் கேட்டார்கள். பதினொரு வருடமாக நான் பெட்டி அடுக்கியதே இல்லை. போனவர்கள் விட்டுப்போன படுக்கையை விரிப்பதுதான் என் வேலை. அந்தக் கிழவியின் அறையில், குளியல் தொட்டிக் கம்பியில் கணவரின் காலுறை இரண்டு தோய்த்துப் போட்டபடி கிடந்தது. இன்னும் ஈரம். அப்படியே பெட்டியில் வைத்தால் வீடு போய்ச் சேரும்போது நாறும். பிள்ளைகள் திறந்து பார்ப்பார்கள். ஸைனப்பிடம் கொண்டுபோனேன். அவள் ஒன்றும் கேட்காமல் வாங்கி, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, ஆவி பறக்கப் பறக்கத் தேய்த்து, மடித்துத் தந்தாள்.

அதோடு என் குரல் போய்விட்டது. காய்ச்சலும் இருக்கிறது. வைத்தியர் தொண்டையில் ஒன்றும் இல்லை, வரும் என்கிறார். போகிறேன் என்று உங்களுக்கு எழுதியிருந்தேனே, பயப்படுவீர்களே என்று, வரவேற்பில் இருக்கும் பையனைக் கொண்டு கெய்ரோவில் இருக்கும் என் சிநேகிதி ரத்னாவுக்குப் போன் எடுப்பித்தேன். எனக்குக் கொஞ்சம் சுகமில்லை, பயப்பட ஒன்றும் இல்லை என்று உங்களுக்குச் சொல்லச் சொன்னேன். சொல்லியிருப்பாள்.

ஸைனப் தினமும் வந்து என் கட்டிலில் இருந்துவிட்டுப் போகிறாள்.

ரதி


பிளாக்ஹவுஸ் பே
3 டிசம்பர் 1997

அமரர் ரதிதேவி அவர்களுக்கு,

செத்தும் கடிதம் எழுதும் முதல் யாழ்ப்பாணத்தவர் நீர்தான். உமக்கு எட்டுச்செலவு முடிந்து எட்டு நாளான பிறகு உம்முடைய கையெழுத்தில் கடிதம் வருகிறது. தபால்காரனை நான் எமதூதன் என்று நினைத்தேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்தான். இருவரும் பாதி சரி.

நடந்ததைக் கேளும். செவ்வாய்க்கிழமை காலை தொலைக்காட்சியில் செய்தி. மத்தியானம் தபால்பெட்டியில் உம்முடைய ஏழாம் தேதிக் கடிதம்: திங்கட்கிழமை போகிறேன், கட்டளைப்படி நடக்கிறேன். யாருடைய கட்டளை? ஹோட்டலுக்குப் போன் எடுத்தேன். கிடைக்கவில்லை. இரண்டு நாள் எடுத்தேன். எடுத்து எடுத்து ரெலிபோனின் இலக்கங்கள் தேய்ந்து, இப்போது அதில் ஐந்தும் எட்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. வியாழக்கிழமை கெய்ரோவிலிருந்து உம்முடைய ரத்னா.

"அண்ணை, ரதியக்காவுக்குக் கொஞ்சம் சுகமில்லை. பயப்படாதேங்கோ. மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கோ."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். நீரே நியாயத்தைச் சொல்லும். நம்முடைய ஆட்களில் செத்தவரைச் செத்தார் என்று ரெலிபோனில் எவராவது சொன்னதுண்டா? கொஞ்சம் சுகமில்லை என்றால் போய்விட்டார். கடுமை என்றால் பிரேதம் எடுத்தும் ஆகிவிட்டது. உண்மையாகவே வருத்தம் வந்து படுக்கையில் கிடக்கிறவரை நல்லாயிருக்கிறார் என்றுதான் சொல்லுவோம். என் அப்பாவுக்கும் முதலில் கொஞ்சம் சுகமில்லைதான். நான் ரத்னாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே.

உம்முடைய அண்ணருக்கு அறிவிக்க வழியில்லை. அவர் இருக்கும் வன்னியில் சண்டை, அங்கே போனும் இல்லை, கடிதமும் போகாது. ஆகவே இந்தப் பூமிப்பந்தில் உமக்குச் செய்யவேண்டியதைச் செய்ய வேறு ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று மீசையை வழித்தேன். சவரக்கத்தி இரண்டு முறை வேலைநிறுத்தம் செய்தது. வழித்துக் கழுவியதில் குழாய் அடைத்து, பிளாக்ஹவுஸ் பே முழுவதும் அரை நாள் தண்ணீர் இல்லை. அன்று பஸ்ஸில் ஏறிய சமோவாப் பெரியவர் வணக்கம் சொல்ல மீசையைத் தேடினார். இல்லை. முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் முதல் ஆசனத்தில் இருந்தார். தன் தரிப்பிடம் வந்தும் இறங்கவில்லை. மனுகாவ் வரைக்கும் வந்து, திரும்பவும் என்னோடே வந்து இறங்கினார்.

திங்கட்கிழமை எட்டாம் நாள். என் கராஜில் எட்டுச்செலவு. செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைப்பதல்லவா? உஷா சமைத்தாள்: முருங்கைக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, நெத்தலிப் பொரியல். வந்த கூட்டத்தைச் சொன்னால் நம்பமாட்டீர். முன்னொரு காலம் எகிப்து ஜனாதிபதி நாசர் செத்தபோது கெய்ரோவில் கூடிய சனத்தில் ஐந்தாறு பேர்தான் இங்கே குறைவு. இதில் முக்கால்வாசிப் பேர் உம்மைக் கண்ணாலும் கண்டதில்லை. அந்தப் பெரியவரும் வந்தார். இரண்டு ஆள் நீளப் பாய் ஒன்றைத் தோளில் சுமந்து வந்து உம்முடைய படத்துக்கு முன்னால் விரித்தார். நல்ல மெல்லிய பாய். அவர்கள் ஊர் வழக்கமாம். யார் செத்தது என்று அவர் கேட்கவில்லை.

தொடங்கும் நேரத்தில் மகேசன் ஒரு சிக்கல் எழுப்பினார். "தண்டபாணி, குறை நினைக்காதேயும். மச்சான் முறைக்காரன் மீசை வழிச்சு முன்னுக்கு இருக்கிற வழக்கம் இல்லையே. நீர் அவவுக்கு என்ன முறை எண்டு நான் சொல்லித் தொடங்கிறது?" நான் ஏதோ பதில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தேவாரத்தைத் தொடங்கினார்.

பிறகு காகத்துக்குச் சோறு வைக்கவேண்டும். இந்த நகரத்தில் காகமே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கடற்கரைக்குக் கொண்டுபோனோம். கடற்காகம் வந்தது. ஒன்றல்ல, ஓராயிரம். வெள்ளைக் காகத்துக்குப் பிதிர்கள் அதிகாரம் கொடுத்திருக்கிறார்களா என்று மகேசன் யோசிப்பதற்குள் இலையையும் சேர்த்துத் தின்றுவிட்டன. ஆனால் நெத்தலியைத் தொடவில்லை. மீன் தின்னாத கடற்காகத்தை நான் அன்றுதான் கண்டேன். ஏதோ குறை இருக்கிறது, ஆத்மா சாந்தியடையவில்லை என்றாள் உஷா. குறை என்னவென்று நேற்றுத்தான் தெரிந்தது. ஆத்மா உடம்புக்குள்ளேயே இருந்திருக்கிறது.

உம்முடைய கடிதத்தை நடுத் தெருவில் நின்று வாசித்தேன். பிறகு பஸ் எடுத்தேன். இரண்டு தரிப்பிடத்தில் நிறுத்தவில்லையாம். இரவு ஹோட்டலுக்குப் போன் எடுத்தேன். இந்தமுறை கிடைத்தது. யாரோ கூட்டிவரப் போனார்கள், யாரோ வந்து எடுத்தார்கள். பேச்சு இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் என்ன கதைத்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. காற்றைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் இருக்கலாம்.

பொய்ச்சாவு விழுந்தவர் நூறு வயது இருப்பார் என்று உஷா சொல்கிறாள். செய்த கிரியையைத் திருப்பியெடுக்க மந்திரம் உண்டா என்று மகேசன் மூன்று புத்தகம் புரட்டிவிட்டார். இல்லையாம். ஆகவே ஒக்லாந்தைப் பொறுத்தவரை நீர் சட்டப்படி இறந்தவர்.

இப்படிக்கு,
மீசையற்ற தண்டபாணி


லக்சர்
14 டிசம்பர் 1997

மச்சான்,

எனக்குக் குரல் வந்துவிட்டது. கடற்காகம் நெத்தலியைத் தொடவில்லை என்ற இடத்தில் வந்தது. என்னையறியாமல் ஒரு சத்தம். சலவைப் பகுதியிலிருந்து ஸைனப் ஓடி வந்தாள். நான் அழுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். சிரிக்கிறேன் என்று கண்டதும் அவள் அழுதாள்.

முதலில் என் முறைப்பாடுகள். முருங்கைக்காய்க் கறி எனக்குப் பிடிக்காது. அது உங்களுக்குப் பிடிக்கும். நெத்தலியும் நீங்கள் தின்பதுதான். எனக்கு விருப்பம் பாலப்பம். செத்த பிறகும் என் வாய்க்கு என்ன பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியவில்லை. கத்தரிக்காய்க்காக உஷாவுக்கு நன்றி சொல்லுங்கோ. போனில் என் குரல் கேட்காததால் ரத்னாவும் நான் போய்விட்டேன் என்றுதான் நினைத்திருக்கிறாள்.

அந்த ரெலிபோனில் கேட்ட மூச்சு என்னுடையதுதான். நீங்கள் காற்றைப் பற்றிக் கதைக்கவில்லை. பஸ்ஸைப் பற்றியும் இல்லை. என் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு இருந்தீர்கள். வரவேற்பில் இருந்த பையன் இன்னொருவருக்கு லைன் வேண்டும் என்று சைகை காட்டும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

நீங்கள் அங்கே எனக்கு அழுத நாட்களில் நான் இங்கே யார் யாருக்கோ அழுதுகொண்டிருந்தேன். இந்த ஊர்ச் சனம் தெருவில் இறங்கி நடந்தது. படகுக்காரர், குதிரைவண்டிக்காரர், கடைக்காரர், ஹோட்டல் வேலையாட்கள், எல்லோரும். நானும் சீருடையோடு போனேன். பிழைப்புப் போய்விட்டதே என்றும் அழுதார்கள், செத்தவர்களுக்காகவும் அழுதார்கள். எது எதற்கு என்று பிரிக்க முடியவில்லை. எங்கள் ஹோட்டலுக்குப் பின்தெருவில் துக்கப் பந்தல் போட்டார்கள். இங்கே சாவீட்டுக் கோப்பிக்குச் சீனி போடமாட்டார்கள். நான் பந்தலுக்குள் போகத் தயங்கி நின்றேன், எனக்கு என்ன உரிமை என்று. ஸைனப் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் இருத்தினாள். செத்தவர்களின் சொந்தம் ஒன்றும் இங்கே இல்லை, படுக்கை விரித்தவள் நீதானே, உனக்கில்லாத உரிமையா என்றாள். கசப்புக் கோப்பியைக் கையில் தந்தாள்.

நீங்கள் நாசர் என்று பகிடியாக எழுதியதை அவளுக்குச் சொன்னேன். எழுபதாம் ஆண்டு அவள் கெய்ரோவில் இருந்தாளாம். தகப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தச் சனத்துக்குள் போனதில் செருப்பு இரண்டும் போய்விட்டதாம். தகப்பன் தன் சொந்தத் தாய் செத்தபோதுகூட அப்படி அழவில்லையாம். எண்பத்தொன்றில் அவருக்குப் பின் வந்த ஜனாதிபதி சதாத்தை அணிவகுப்பில் வைத்துச் சுட்டார்கள். அந்தச் செத்தவீட்டுக்கு உலகத்துத் தலைவர்கள் வந்தார்கள், தெருவில் சனம் இல்லை. ஸைனப் வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்களாம்.

எங்கள் அப்பா போனது எனக்கு இரண்டு மாதம் கழித்துக் கடிதத்தில்தான் தெரியும். ஊரில் ஊரடங்கு. நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். இங்கே ஹோட்டல் நிரம்பி வழிந்த நேரம். நான் அன்றைக்கும் என் மாடியைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். அவருக்கு இந்தப் பந்தலில், ஆறு வருடம் பிந்தி, ஒரு கூட்டத்துக்கு நடுவில் இருந்து அழுதேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. உங்கள் சமோவாப் பெரியவரைப் போல.

இப்போது என் மாடியில் ஒரு விருந்தினர்கூட இல்லை. காலி அறைகளைத் திறந்து, காற்றாட விட்டு, மறுபடி பூட்டுகிறேன். படகுகள் எல்லாம் கரையில் கட்டியபடி கிடக்கின்றன. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜனவரி மாதத்தோடு எனக்கும் வேலை முடியும் என்று மனேஜர் சொல்கிறார்.

இனி நான் கேட்கப்போவதற்குப் பதில் எழுதுங்கோ. மகேசன் உங்களிடம் என்ன முறை என்று கேட்டாரே. நீங்கள் ஏதோ பதில் சொன்னதாக எழுதி, அடுத்த வரியில் காகத்துக்குப் பாய்ந்துவிட்டீர்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்படியாக என்ன சொன்னீர்கள்? அதை மட்டும் எழுதுங்கோ. ஆடு வேண்டாம். காற்று வேண்டாம். சக்கரவர்த்தியும் வேண்டாம். பத்தொன்பது வருடமாக நான் அந்த ஒரு வரிக்குத்தான் காத்திருக்கிறேன். அதை நீங்கள் என்னைத் தவிர ஊர் முழுவதற்கும் சொல்லிவிட்டீர்கள்.

ரதி


பிளாக்ஹவுஸ் பே
26 டிசம்பர் 1997

எகிப்தின் இருபெரும் கரைகளுக்கும், அவற்றில் மேயும் ஒட்டகங்களுக்கும், ஒட்டகங்களின் பேரப்பிள்ளைகளுக்கும் தனித்தலைவியாகிய

மேலே உள்ளதை வெட்டிவிட்டேன். வெட்டியும் தெரிகிறது. இன்னொரு தாள் எடுத்தால் அதிலும் இதுதான் வரும் என்பதால் இதிலேயே எழுதுகிறேன்.

ரதி,

மகேசன் என்ன முறை என்று கேட்டார். கராஜில் எல்லோரும் இருந்தார்கள். "நான் அவவைக் கட்டியிருக்க வேண்டியவன்" என்று சொன்னேன்.

அவ்வளவுதான்.

உம்முடைய படத்துக்கு முன்னால் இருந்த அந்த நேரத்தில், என்னைப் போகச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. எழுதக் கூடாத ஒன்று இது, ஆனாலும் எழுதுகிறேன். நீர் செத்திருந்த அந்தப் பன்னிரண்டு நாளும் நான் உம்முடைய புருசனாக இருந்தேன். உயிரோடு இருக்கிறீர் என்று தெரிந்ததும் சந்தோசத்தில் தெருவில் நின்று அழுதேன். வீட்டுக்கு வந்து, இனி நான் மறுபடியும் மச்சான்தானே என்று நினைத்து இன்னொரு முறை அழுதேன்.

கோயிலுக்குப் போகச் சொன்னவன் நான். அதைப் பற்றி நீர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

இன்று இங்கே எல்லோருக்கும் விடுமுறை. மகேசனும் உஷாவும் சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. பாலப்பம் சுடப் பார்த்தேன். ஓரம் எல்லாம் கருகிவிட்டது. நடு வேகவில்லை. பழகிவிடுவேன்.

மீசையைத் திரும்ப வளர்க்கவா வேண்டாமா என்று தெரியாமல் தினமும் வழித்துக்கொண்டு இருக்கிறேன்.

தண்டபாணி


லக்சர்
8 ஜனவரி 1998

இஞ்சாருங்கோ,

இப்படி எழுதிவிட்டு அரை மணித்தியாலம் பேனையைக் கீழே வைத்துவிட்டு இருந்தேன். அம்மா அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவா. எனக்கு இந்தச் சொல் வாயில் வருமா என்று ஸைனப்புக்கு முன்னால் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வந்தது. என்ன அர்த்தம் என்று கேட்டாள். இங்கே பாருங்கோ என்று அர்த்தம் என்றேன். யாரைக் கூப்பிடுகிறாய் என்றாள். தூரத்தில் நிற்கிற ஆளை என்றேன்.

கோயிலுக்குப் போகச் சொன்னதை நான் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கட்டளை வந்திராவிட்டால் நான் அன்று புதுச் சேலை உடுத்து வாசல்வரை போயிருக்கமாட்டேன். அந்தக் கிழவி எனக்குக் கை காட்டியிருக்கமாட்டா. அவவுக்கு இந்த ஊரில் கடைசியாகக் கை காட்டியது நான். அதை நான் வைத்திருக்கிறேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அதற்கு இல்லை.

இங்கே செத்தவர்களுக்கு நாற்பதாம் நாள் முக்கியம். அன்றைக்கு ஸைனப்பும் வேறு சிலரும் அக்கரைக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நானும் படகுத்துறை வரை போனேன். ஒரு கால் படகில், ஒரு கால் கரையில். பிறகு காலை எடுத்துவிட்டேன். பயத்தில் என்று ஸைனப் நினைத்தாள். கொஞ்சம் பயமும்தான். ஆனால் அந்தக் கோயிலைப் பார்க்கச் சொன்ன ஆளோடுதான் அதைப் பார்ப்பது என்று எனக்குத் தோன்றியது. நீங்கள் வந்து பக்கத்தில் நின்றால் கடப்பேன். அந்தத் தம்பதிக்காக உள்ளே இரண்டு பூ வைக்கவேண்டும். தனியே வைக்க என்னால் ஏலாது.

மாதக் கடைசியோடு என் வேலை முடிகிறது. ஒரு பெட்டிதான் சாமான். எங்கே அனுப்புவது என்று ஹோட்டலில் விலாசம் கேட்டார்கள். உங்கள் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று மகேசனிடம் கேட்டு எழுதுங்கோ. உயிரோடு இருப்பவளாகத்தான் விண்ணப்பிக்கவேண்டும் என்பதையும் அவருக்கு ஞாபகப்படுத்துங்கோ.

பாலப்பத்துக்கு மாவை முதல்நாளே புளிக்க வைக்கவேண்டும். வந்து காட்டுகிறேன்.

லீவு எடுத்துக்கொண்டு வாருங்கோ. மீசையை மட்டும் வளர்த்துக்கொண்டு வராதேங்கோ. அந்த வெறும் முகத்தை ஒக்லாந்து முழுவதும் பார்த்துவிட்டது. நான்தான் இன்னும் பார்க்கவில்லை.

ரதி